பெயரறிந்து மருந்திடுக

பயிரில் வெண்மையாக ஏதேனும் படிந்திருக்கக் கண்டவுடன் மருந்துத் தெளிப்பானை எடுப்போர் பலர். படிந்திருப்பது பகையா, நட்பா என்று அறியாமல் தெளிக்கும் மருந்து பொருளை வீணாக்கும். நமக்குத் துணை நிற்கும் உயிரையும் அழிக்கும். ஆதலின், உயிர்களைப் புறத்தோற்றத்தால் இனங்காணும் முறையையும், அதனைக் கற்பிக்கும் கணிப்பொறிக் கருவிகளையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

பழைய திறவுகோல்

உயிரின் பெயரை அறிய உதவும் வினாவரிசைக்குத் ‘திறவுகோல்’ என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் லமார்க், தம் நாட்டுத் தாவரங்களைப் பற்றி 1778-இல் எழுதிய நூலில் இதனைக் கையாண்டார். ஒவ்வொரு படியிலும் இரண்டு விடைகள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த வினா, இறுதியில் பெயர். இதில் ஒரு குறை உண்டு. பூவைப் பற்றி வினா எழும்போது கையிலுள்ள செடியில் பூ இல்லையெனில், வழி அடைபட்டுவிடும்.

புதிய திறவுகோல்

கணிப்பொறி இக்குறையை நீக்கியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ‘லூசிட்’ இத்தகைய கருவிகளுள் ஒன்று. இதில் எந்த அடையாளத்திலிருந்தும் தொடங்கலாம். இறகு உண்டா, மெழுகு உண்டா, நீளம் எவ்வளவு என்பவற்றுள் தெளிவாகத் தெரிவதை முதலில் குறித்தால், பொருந்தாத இனங்கள் பட்டியலிலிருந்து நீங்கும். தெரியாத வினாவை விட்டுவிடலாம். படம் பிடித்தால் பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகளும் இன்று உள. அவை பெயரைத் தருகின்றன. திறவுகோலோ எதைப் பார்க்க வேண்டுமென்று கண்ணைப் பழக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி ஆகியவற்றோடு மல்பெரியையும் அது தாக்கியது. மல்பெரி இலை குறைந்தால் பட்டுப்புழுவுக்கு உணவில்லை. அக்குறை நெசவாளர் தறி வரையில் எட்டும். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருவிக்கப்பட்ட சிறு குளவிகள் அப்பூச்சியை அடக்கின. பூச்சியின் பெயர் சரியாக அறியப்பட்டமையாலன்றோ அதற்குரிய குளவியைத் தேட முடிந்தது!

மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் இளம்புழுவும் வெண்மெழுகு போர்த்தியே இருக்கும். பகையென்று எண்ணி அதனைக் கொல்வோர் உண்டு. வேறுபாடு இதுவே: பப்பாளி மாவுப்பூச்சி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமே வளரும், ஓரத்து மெழுகு இழைகள் குட்டையானவை, பெரும்பாலும் ஓரிடத்தில் ஒட்டியிருக்கும். பொறிவண்டின் புழுவோ 13 மில்லிமீட்டர் வரை வளரும். மெழுகு இழைகள் நீண்டு சடைபோல் தொங்கும். இரை தேடி ஊர்ந்து திரியும்.

செய்முறை

1. பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியால் பூச்சியை நோக்குக.

2. கண்டவற்றைத் தாளில் எழுதிய பின்னரே கருவியைத் திறக்க.

3. கிடைத்த பெயரைப் படத்தோடும் விளக்கத்தோடும் ஒப்பிடுக. கருவியின் பட்டியலில் இல்லாத உயிருக்கு அது சரியான பெயர் தராது.

4. ஐயம் எழுந்தால் மாதிரியை வேளாண்மை அலுவலரிடம் காட்டுக.

இக்கருவிகளுள் பல ஆங்கிலத்தில் உள்ளன. சங்கத்தில் ஒரு கணிப்பொறியை வைத்து, படிக்கும் பிள்ளைகளின் துணையோடு அங்கத்தினர்கள் கூடிப் பயிலலாம். தனியொருவருக்கு அரிதாவது கூட்டுறவால் எளிதாகும்.