தேம்ஸில் இறங்குமுன்

அன்புள்ள மருமகன் இளங்கோவுக்கு,

த்ரப் கிராமத்திலிருந்து ஆபிங்டன் வரை ஒரே நாளில் நாரோபோட் என்ற குறுகலான படகை ஓட்டப்போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. பாதி வழி ஆக்ஸ்போர்டு கால்வாய், மீதி தேம்ஸ் ஆறு. கால்வாயில் பழகிய கையோடு ஆற்றில் இறங்கிவிடாதே என்பதுதான் நான் சொல்ல வந்தது.

1790இல் ஆக்ஸ்போர்டை எட்டிய அந்தக் கால்வாயில் தண்ணீர் அநேகமாக அசையாது. தவறினாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையோரம் கட்டிய படகுகளைக் கடக்கும்போது அதையும் பாதியாகக் குறை. உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, உன் வேகம் அவர்கள் கயிற்றை இழுக்கும்.

நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் லாக்குகளின் அகலம் சுமார் 7 அடி. படகும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நீ போகும் திசையில் எல்லா லாக்கும் இறக்கம். மேல்கதவின் அடியில் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். நீர் வடியும்போது படகின் பின்பக்கம் அதில் உட்கார்ந்துவிட்டால், முன்பக்கம் சாய்ந்து படகே மூழ்கும். சுவரில் உள்ள வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் படகை முன்னே நிறுத்து. மதகைத் திறப்பவர் படகிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

கால்வாயின் முடிவிலுள்ள ஐசிஸ் லாக்கைக் கடந்து தேம்ஸில் நுழைந்ததும் நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளும். படகுக்கு பிரேக் இல்லை. எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினால் வேகம் தணியும். ஆனால் சுக்கான் உன் கைக்கு அடங்காது. ஆகவே எதையும் முன்கூட்டியே முடிவு செய். கரை சேர வேண்டுமானால், அகலமான இடத்தில் படகைத் திருப்பி, ஓட்டத்தை எதிர்த்தபடி மெல்ல ஒதுங்கு. நங்கூரத்தைக் கயிற்றோடு தயாராக வை. ஆற்றில் எஞ்சின் நின்றால் அதுதான் துணை. ஃபாலி பாலத்துக்கும் இஃப்லிக்கும் இடையே மாணவர்கள் துடுப்புப் போட்டுப் பழகுவார்கள். முதுகு காட்டி வருபவர்களுக்கு நீ வருவது தெரியாமல் போகலாம். நீதான் பார்த்துப் போக வேண்டும். தேம்ஸ் லாக்குக்குள் எஞ்சினை அணைத்து, முன்னும் பின்னும் கயிறு பிடித்து நில்லுங்கள். எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும்.

மழைக்குப் பிறகு லாக்குகளில் சிவப்புப் பலகை தொங்கினால், ஓட்டம் கடுமை என்று பொருள். அன்று ஆற்றில் இறங்காதே. நண்பர்கள் அவசரப்படுத்துவார்கள், போட்ட திட்டம் வீணாகிறதே என்று உனக்கும் தோன்றும். படகில் இருப்பவர்களின் உயிருக்குப் பொறுப்பு சுக்கான் பிடித்த உனக்குத்தான். கால்வாயிலேயே படகைக் கட்டிவிட்டு, ஆபிங்டனுக்குப் பேருந்தில் போங்கள்.

உன் அன்பு மாமா