கார்ப்பெட்டா, லேமினேட்டா: ஒரு மாடி அறைக்குப் போட்ட கணக்கு

மாடி அறையின் சிமெண்ட் தரை பொரிந்துபோய்ப் பல வருஷமாகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், இனி வீட்டிலிருந்தே வேலை என்று எங்கள் ஊரான வடமதுரைக்குத் திரும்பியதும்தான் அதைச் சரிசெய்ய வேளை வந்தது. அவனுக்கு அலுவலகத்தில் மிதித்துப் பழகிய கார்ப்பெட் வேண்டும். இல்லாவிட்டால் மரம் மாதிரித் தெரியும் லேமினேட். எங்கள் ஊரில் தரை என்றால் டைல்ஸ், கையில் காசிருந்தால் கிரானைட். மற்ற இரண்டுக்கும் விலை கேட்கத் திண்டுக்கல் போனோம்.

அறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. கடையில் சொன்ன விலை கார்ப்பெட்டுக்குச் சதுர அடி 55 ரூபாய், எட்டு மில்லிமீட்டர் லேமினேட்டுக்கு 95. இதைக் கேட்டதும் மகன் கார்ப்பெட் பக்கம் சாய்ந்துவிட்டான். சதுர அடி விலை பாதிக் கதைதான். கார்ப்பெட் நான்கு மீட்டர் அகல ரோலாக வருகிறது, அதாவது சுமார் 13 அடி. 12 அடி அறைக்கு ஓரத்தில் ஓர் அடி வெட்டி எறிய வேண்டும். காசு 130 சதுர அடிக்கு. அடியில் விரிக்கும் ஃபோம், பசை, ஒட்டும் கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தை நெருங்கியது.

லேமினேட் பெட்டிக் கணக்கு. நாங்கள் பார்த்ததில் பெட்டிக்கு இருபது சதுர அடி சொச்சம். வெட்டுச் சேதாரத்தையும் சேர்த்தால் ஏழு பெட்டி, 13,600 ரூபாய். அதன்மேல் ஃபோம் ஷீட், கூலி, சுவரோரம் அடிக்கும் ஸ்கர்ட்டிங், வாசலில் மட்டம் சேர்க்கும் பட்டை என்று 4,700 ஏறியது. கடைசியாகத்தான் வேலைக்காரர் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். "அண்ணே, நடுவுல குழி விழுந்திருக்கு. இப்படியே போட்டா நடக்கும்போது டொக்கு டொக்குனு சத்தம் வரும்." மட்டம் எடுக்க இன்னொரு 3,500. ஆக, கிட்டத்தட்ட இருபத்திரண்டாயிரம்.

ஒப்பிட்டுப் பார்க்க மேட் டைல்ஸுக்கும் கேட்டேன். பழைய தரையை உடைத்து அள்ளுவது, சிமெண்ட், மணல், கொத்தனார் கூலி எல்லாம் அடங்கப் பதினேழாயிரம். உடைக்காமல் மேலேயே ஒட்டினால் குறையும். ஆனால் தரை உயர்ந்து கதவின் அடியை இழைக்க வேண்டும், வாசலில் படி தட்டும்.

முதல் நாள் செலவில் ஜெயிப்பது கார்ப்பெட். ஆனால் வடமதுரைக்கு அது ஆகாது என்று என் அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "தரையில மெத்தைய ஒட்டிட்டா எப்படிய்யா துவைக்கிறது?" எங்கள் வீடு திருச்சி ரோட்டை ஒட்டியது. காலையில் பெருக்கினால் மதியம் மேசைமேல் விரலால் பெயர் எழுதலாம். சுற்றிலும் நூற்பாலைகள், வேலை முடித்து வருபவர் தலையிலும் சட்டையிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு வரும். தூசும் பஞ்சும் கார்ப்பெட்டின் இழைக்குள் இறங்கினால் விளக்குமாறு எடுக்காது, வேக்குவம் கிளீனர் வேண்டும். அதற்கு ஐந்தாறாயிரம். மழைக்காலத்தில் நனைந்தால் உள்ளே காயாமல் வாடை பிடிக்கும். இந்தத் தூசியில் ஐந்தாறு வருஷம் ஓடினால் பெரிது. பத்து வருஷத்தில் இரண்டு முறை போடும் செலவையும் வேக்குவம் கிளீனரையும் கூட்டிப் பாருங்கள், இருபத்தைந்தாயிரத்தைத் தொடும். மெத்தென்று வேண்டுமானால் பவானி ஜமக்காளம் இருக்கிறதே! உதறலாம், வெயிலில் போடலாம், விருந்தாள் வந்தால் விரித்து உட்காரவும் வைக்கலாம்.

லேமினேட்டும் நம் வீடுகளை நினைத்துச் செய்த பொருள் அல்ல. 1970களின் கடைசியில் சுவீடனில் பிறந்தது. மேலே இருப்பது மரப்படம் அச்சடித்த தாள், அதன்மேல் கெட்டியான பூச்சு. உள்ளே இருப்பது அழுத்திய மரநார்ப் பலகை. மேலே சிந்திய தண்ணீரை உடனே துடைத்தால் ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை தோறும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வீட்டில் மூட்டு வழியாக இறங்கி ஓரம் உப்பிவிடும். உப்பிய பலகையை இழைக்கவோ பாலிஷ் போடவோ முடியாது, மாற்றத்தான் வேண்டும். கரையானும் விடாது. அதனால் கீழ்த்தளத்தில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மாடி அறையில் தண்ணீர்க் குழாயும் இல்லை, மண் ஈரமும் இல்லை. மகன் பகலெல்லாம் அங்கேதான் உட்காருவான். மார்கழியில் வெறுங்காலுக்குச் சில்லிடாது. அங்கே லேமினேட் போட்டோம்.

போடுகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். தேய்மானம் தாங்கும் தரத்தைப் பெட்டியில் ஏசி 3, ஏசி 4 என்று போட்டிருக்கும். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி உருளும் அறைக்கு ஏசி 4 வாங்குங்கள். பெட்டிகளை இரண்டு நாள் அந்த அறையிலேயே வைத்துவிட்டுப் பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். சுவரோரம் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டார்களா என்று பாருங்கள். நம் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் பலகை விரிந்து சுருங்கும், இடமில்லாவிட்டால் நடுவில் தூக்கிக்கொள்ளும். ஸ்கர்ட்டிங் அடித்த பிறகு அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. மிஞ்சிய பலகையைக் கடைக்குத் திருப்பாதீர்கள், அதே நிறம் பிறகு கிடைப்பது கஷ்டம்.

விலை கேட்கும்போது சதுர அடிக்கு எவ்வளவு என்று நிறுத்தாமல், மட்டம் எடுப்பது முதல் ஸ்கர்ட்டிங் வரை அறையை முடித்துக் கொடுக்க வரியோடு எவ்வளவு என்று கேட்டு, அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.