சில்லு உடைந்தால் கால் போச்சா?

1992 பிப்ரவரி, வெலிங்டன் டெஸ்ட். இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் டேவிட் லாரன்ஸ் ஓடிவந்து பந்து வீசும்போதே முழங்கால் சில்லு பிளந்து ஆடுகளத்தில் சரிந்தார். பந்தும் படவில்லை, எவரும் மோதவுமில்லை. அதன்பின் அவர் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடவேயில்லை.

நம்பிக்கை: அடிபட்டால்தான் சில்லு உடையும்.

உண்மை: படியில் தடுக்கி, விழாமல் சமாளிக்கக் காலை ஊன்றும் நொடியில் தொடைத் தசை வெடுக்கென்று இழுத்தாலே சில்லு குறுக்காக முறியலாம்.

நம்பிக்கை: உடைந்தால் ஆபரேஷன்தான்.

உண்மை: மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் குதிகாலைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார் மருத்துவர். தூக்க முடிந்து, எக்ஸ்ரேயில் துண்டுகள் 2, 3 மி.மீ.க்கு மேல் விலகாமல், மூட்டின் உட்பரப்பும் மேடுபள்ளமின்றி இருந்தால், காலை நீட்டியபடி 4 முதல் 6 வாரம் மாவுக்கட்டோ பிரேஸோ போதும். துண்டுகள் விலகிவிட்டால் கதை வேறு. எந்தக் கட்டுப் போட்டாலும் தொடைத் தசை மேல்துண்டை ஓயாமல் மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அப்போது கம்பியோ ஸ்க்ரூவோ செலுத்தி, அதன்மேல் 8 வடிவில் மெல்லிய கம்பியைச் சுற்றி இறுக்குவார்கள்.

நம்பிக்கை: சில்லையே எடுத்துவிட்டாலும் குறையில்லை.

உண்மை: 1937இல் ரால்ஃப் புரூக் என்ற பிரிட்டன் அறுவை மருத்துவர் இப்படித்தான் வாதிட்டார். ஆனால் சில்லு, தசைநாணை மூட்டுக்கு முன்னால் தள்ளிப்பிடித்து நெம்புகோல்போல் பலம் கூட்டுகிறது. அது போனால் காலை நீட்டும் விசை கணிசமாகக் குறையும் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. நொறுங்கிய சில்லில்கூட முடிந்த மட்டும் காப்பாற்றவே இன்று பார்க்கிறார்கள்.

நம்பிக்கை: எலும்பு கூடியதும் வேலை முடிந்தது.

உண்மை: அங்கேதான் பாதி வேலை தொடங்குகிறது. கட்டுக்குள் சில வாரம் கிடந்தாலே தொடை இளைத்துவிடும், மூட்டு இறுகிவிடும். அதனால் மருத்துவர் அனுமதித்ததுமே, கட்டோடு இருக்கும்போதே தொடையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். மடக்கும் பயிற்சி பிறகு, படிப்படியாக. படி இறங்குவது, சம்மணமிடுவது, குத்தவைப்பது எல்லாம் கடைசியில்தான் வரும். பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பிளேக் கிரிஃபின், சில்லு முறிவால் 2009-10 பருவம் முழுவதையும் இழந்தார். அடுத்த பருவத்தில் சிறந்த புதுமுக வீரர் விருதே பெற்றார்.

மண்டியிடும்போது உள்ளே வைத்த கம்பி தோலுக்கடியில் உறுத்துகிறதா? எலும்பு நன்றாகக் கூடிய பிறகு அதை எடுத்துவிடலாம்.