கார் இன்சூரன்ஸ்: உள்ளே உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு கவர் இருக்கா?

என் சித்தப்பா பையன் போன மாசம் வேப்பூர்ல ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினான். விலை நாலு லட்சம். "இன்சூரன்ஸ் இருக்கா?"ன்னு கேட்டேன். "இருக்குண்ணா, இன்னும் ஏழு மாசம் ஓடும். போலீஸ் மறிச்சாலும் பிரச்சினை இல்ல"ன்னான். பாலிசியை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். முதல் வரியிலேயே "லயபிலிட்டி ஒன்லி"ன்னு இருந்தது.

அவன் சொன்னதுல தப்பில்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146 கேட்கிறது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். அதுவும் இல்லாம ஓட்டினா பிரிவு 196-ன்படி முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினா அபராதம் 4,000. ஸ்விஃப்ட் மாதிரி 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணம் 3,416 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தா 4,031. போலீஸ்காரருக்குக் காட்ட இது போதும்.

ஆனா இந்தப் பாலிசி யாரைக் காப்பாத்துது? உங்க கார் மோதி ரோட்டுல போற ஒருத்தர் இறந்தாலோ அடிபட்டாலோ, இழப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. தீர்ப்பாயம் சொல்ற தொகையை கம்பெனி கட்டணும். அடுத்தவங்க சொத்துக்குச் சேதம்னா 7.5 லட்சம் வரை. உங்க காருக்கு ஒரு பைசா கிடையாது. காருக்குள்ள இருக்கிற உங்க மனைவி, அம்மா, ஃப்ரெண்டு? இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க.

ஒரு விபத்து வழக்கைப் பாருங்க. காருக்குள்ள பயணம் செஞ்சவர் இறந்துட்டார். குடும்பத்துக்கு 14.65 லட்சம் கொடுக்கணும்னு ஈரோடு தீர்ப்பாயம் 2017 டிசம்பர்ல உத்தரவு போட்டது. கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. "இது வெறும் ஆக்ட் பாலிசி, காருக்குள்ள இருந்தவருக்கு இதுல கவர் இல்ல"ங்கிறதுதான் வாதம். 2021 ஆகஸ்ட்ல நீதிமன்றம் அதை ஏத்துக்கிட்டது. நாலு வருஷம் கழிச்சு அந்தக் குடும்பத்துக்குக் கம்பெனிகிட்டேர்ந்து வர வேண்டிய பணம் இல்லாமப் போச்சு.

அந்த வழக்குலதான் நீதிபதி எஸ். வைத்தியநாதன், செப்டம்பர் 1 முதல் எல்லா புது வண்டிக்கும் அஞ்சு வருஷம் பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம்னு சொன்னார். அப்போ டிவில எல்லாம் ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு அதே மாசம் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றாங்க. அது பலருக்குத் தெரியாது. இன்னைக்கும் சிலர் "பம்பர் டு பம்பர் கட்டாயமாமே"ன்னு என்னைக் கேட்கிறாங்க. கட்டாயம் இல்ல.

இதுக்குத் தீர்வு பேக்கேஜ் பாலிசி, அதாவது நாம காம்ப்ரிஹென்சிவ்னு சொல்றது. அந்த பாலிசியில தனியார் காரில் பயணிக்கிறவங்களும் அடக்கம்னு 2012 நவம்பர்ல உச்ச நீதிமன்றமே தெளிவா சொல்லியிருக்கு. தம்பிக்கு விசாரிச்சதுல வருஷத்துக்குக் கூடுதலா 6,200 ரூபாய் வந்தது. வேப்பூர் கூட்டுரோட்டுல ஏறினா சென்னை-திருச்சி நெடுஞ்சாலை. வாரம் ரெண்டு தடவை வீட்டுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு அதுல போற ஆள் அவன். மாசக் கணக்குல பாத்தா 517 ரூபாய்.

ஓட்டுற ஓனர் விஷயம் தனி. அவர் தனக்குத்தானே மூன்றாம் நபர் ஆக முடியாது. அதனாலதான் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. ஏற்கெனவே வேற இடத்துல அந்த அளவுக்கு இருந்தா மறுபடி வாங்க வேண்டாம். செல்லுபடியாகிற லைசென்ஸ் இல்லாத ஓனருக்கு இது கிடைக்காது.

புது கார் வாங்கினவங்களுக்கு ஒரு கண்ணி இருக்கு. கோவை கங்கா மருத்துவமனை டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னபடி, 2018 செப்டம்பர் 1 முதல் புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூணு வருஷத்துக்குச் சேர்த்தே வாங்கணும். ஆனா ஷோரூம்ல பொதுவா கொடுக்கிற பாலிசியில சொந்தச் சேதத்துக்கான பகுதி ஒரே வருஷம்தான். "மூணு வருஷத்துக்கு இருக்கே"ன்னு விட்டுட்டா, ரெண்டாவது வருஷம் கார் நொறுங்கினா உங்க பணம்தான். முடிஞ்சு 90 நாளுக்குள்ள புதுப்பிக்கலைன்னா, கிளெய்மே இல்லாம சேர்த்து வச்ச நோ கிளெய்ம் போனஸும் போயிடும். அது 50% வரைக்கும் வளரக்கூடிய தள்ளுபடி!

பழைய கார் விற்கிறவங்களுக்கும் ஒண்ணு. சாவியைக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கிட்டா விஷயம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. ஆர்சி-ல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர்னு உச்ச நீதிமன்றம் 2018-ல சொல்லியிருக்கு. அந்த வழக்குல கார் கை மாறிக் கை மாறிப் போயிருந்தது. கடைசியில விபத்துக்குப் பொறுப்பு ஆர்சி-ல பேர் இருந்தவர் தலையில. அதனால படிவம் 29, 30 போட்டு பேர் மாறுற வரைக்கும் விடாதீங்க. வாங்குறவர் 14 நாளுக்குள்ள கம்பெனிக்கும் சொல்லணும். மூன்றாம் நபர் கவர் தானா மாறிடும், சொந்தச் சேதம் தானா மாறாது. பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

வெள்ளை போர்டு காரை முகூர்த்த நாள்ல வாடகைக்கு ஓட்டுறது நம்ம ஏரியாவுல சகஜம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வர்ற வியாபாரியை ஏத்திட்டுப் போய்க் காசு வாங்கினாலும் அது வாடகைதான். தனியார் கார் பாலிசியில வாடகைக்கு ஓட்டக் கூடாதுன்னு எழுதியே இருக்கும். விபத்தானா கம்பெனி முதல்ல பார்க்கிறது அதைத்தான். 17 வயசுப் பையன்கிட்ட சாவி கொடுக்கிறது அதைவிட மோசம். பிரிவு 199ஏ-ன்படி பெற்றோருக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 அபராதம், மூணு வருஷம் வரை சிறை, வண்டிப் பதிவும் 12 மாசத்துக்கு ரத்து.

தம்பி இப்போ பேக்கேஜுக்கு மாறிட்டான். ஆர்சி மட்டும் இன்னும் பழைய ஓனர் பேர்லதான் இருக்கு. அவருக்குப் போன் போட்டு படிவத்துல கையெழுத்து வாங்க வர்ற வெள்ளிக்கிழமை போறான். நானும் கூடப் போறேன், இல்லைன்னா மறந்துடுவான்.