கார் செட் வயரிங்: நிறத்தைவிட மீட்டரை நம்புங்கள்

பேஸ் மாடல் கார் வாங்கியவர்களும், பழைய செட் கரகரக்க ஆரம்பித்தவர்களும் வெளியே ஒரு ஸ்டீரியோ வாங்கிப் போடுவது வழக்கம்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மாதிரி கார் ஆக்சஸரீஸ் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் காலையில் வண்டியை விட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு மல்டிமீட்டரும் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே செய்யலாம். கடையில்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றாலும், பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

1. முதலில் அளவு. சிங்கிள் டின் செட்டின் முகப்பு 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். டபுள் டின் என்றால் அகலம் அதேதான், உயரம் மட்டும் 100 மி.மீ. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் இடம் 200 மி.மீ. அகலம் இருக்கும், அதில் சாதாரண டபுள் டின் வைத்தால் இரண்டு பக்கமும் சந்து தெரியும். 9, 10 அங்குல ஆண்ட்ராய்டு செட்டுகளுக்கு அந்தந்த வண்டிக்கென்று தனி ஃப்ரேம் உண்டு. ஃப்ரேம் கையில் இல்லாமல் செட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

2. கப்ளர் கேட்டு வாங்குங்கள். கம்பெனி செட்டுக்கான சாக்கெட் டாஷ்போர்டுக்குள்ளேயே இருக்கும். அதில் நேராகப் பொருந்தி, மறுமுனையில் புது செட்டோடு சேரும் வயர்க்கொத்தைத்தான் கடைகளில் கப்ளர் என்கிறார்கள். செட்டின் விலையோடு பார்த்தால் சொற்பக் காசு. அதை மிச்சம் பிடிக்க வண்டியின் சாக்கெட்டையே வெட்டிப் போட்டுவிட்டு, வயரோடு வயரை முறுக்கி டேப் சுற்றுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால், பின்னால் மின்சாரக் கோளாறு எது வந்தாலும் சர்வீஸ் சென்டரில் முதலில் விரல் நீட்டுவது அந்த வெட்டைத்தான். ‘வெட்டினால்தான் மாட்ட முடியும்’ என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

3. வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மறுபடி மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கம்பெனி செட் ரகசிய எண் கேட்கும். அந்த எண் எழுதிய அட்டை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

4. டாஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை சுற்றிய வயரோ மஞ்சள் சாக்கெட்டோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சமாச்சாரம். இழுக்கவும் வேண்டாம், மீட்டர் முனையை வைக்கவும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏர்பேக் யூனிட்டில் சற்று நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று வண்டியின் மேனுவலில் போட்டிருப்பார்கள்.

5. டிரிம்மைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், கீறல் விழும். பிளாஸ்டிக் நெம்பி செட் மலிவாகவே கிடைக்கிறது. கியர் லீவர் மேல் பழைய துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாக்கெட்டையும் பிடுங்கும் முன் செல்போனில் ஒரு படம்.

6. இப்போது வயருக்கு வருவோம். புது செட்டிலிருந்து வரும் வயர்களின் நிறம் ஏறக்குறைய எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் ஏ.சி.சி. கறுப்பு, எர்த். செட் இழுக்கும் கரன்ட் பெரும்பாலும் மஞ்சள் வழியாகத்தான் போகும். சிவப்பு ‘எழுந்திரு, தூங்கு’ என்று உத்தரவு கொடுக்கும் வயர். இரண்டையும் சேர்த்து ஏ.சி.சி.யில் கொடுத்தால் ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் கடிகாரம், ஸ்டேஷன், புளூடூத் எல்லாம் மறந்துபோகும். இரண்டையும் சேர்த்து நேரடி பேட்டரியில் கொடுத்தால் செட் தூங்கவே தூங்காது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ‘புது செட் போட்டதிலிருந்து பேட்டரி நிற்கவில்லை’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஐ.எஸ்.ஓ. சாக்கெட்டில் 4ஆம் பின் நேரடி சப்ளை, 7ஆம் பின் ஏ.சி.சி., 8ஆம் பின் எர்த் என்பது பொது முறை. ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் பலவற்றில் 4-உம் 7-உம் இடம் மாறியிருக்கும். அதற்காகவே சில கப்ளர்களில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் கழற்றி மாற்றி மாட்டும்படி இணைப்பு வைத்திருப்பார்கள்.

7. செட்டின் நிறத்தை நம்பலாம் என்றேன். வண்டியின் நிறத்தை நம்பவே கூடாது. அது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். கப்ளர் கிடைக்காத வண்டி என்றால் பேட்டரியைத் தற்காலிகமாக மாட்டிவிட்டு, மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில். சிவப்பு முனையால் சாக்கெட்டின் பின்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள், ஒரே நேரத்தில் இரண்டு பின்னில் பட்டுவிடாமல். சாவி இல்லாமலே 12-க்கு மேல் காட்டுவது மஞ்சளுக்கு உரியது. சாவியை ஏ.சி.சி.க்குத் திருப்பியதும் புதிதாக உயிர் பெறுவது சிவப்புக்கு. பார்க்கிங் லைட் போட்டதும் வருவது ஆரஞ்சுக்கு. இரவில் செட்டின் வெளிச்சத்தைக் குறைக்கும் வயர் அது. பார்த்ததைத் தாளில் எழுதிக்கொண்டு பேட்டரியை மறுபடி கழற்றிவிடுங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் எந்தப் பின்னிலும் ஏ.சி.சி. காட்டாது. சாவி திருப்பிய சேதி அங்கே கேன் பஸ் என்ற டேட்டா வயர் வழியாகப் போகிறது; அந்த வண்டிக்கான கேன் பாக்ஸ் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

8. மஞ்சள் வயரில் இருக்கும் ஃப்யூஸ் வழக்கமாக 10 அல்லது 15 ஆம்பியர். பிளேடு ஃப்யூஸில் 10 சிவப்பு நிறம், 15 நீலம், 20 மஞ்சள். எரிந்துபோனால் அதே அளவு போடுங்கள். சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளைச் சுற்றி வைக்கும் கைவைத்தியம் வண்டியையே எரித்துவிடும்.

9. ஸ்பீக்கர் வயர்கள் ஜோடி ஜோடியாக வரும். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. முழு நிறம் பிளஸ், அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். இந்த மைனஸ் வயர் எர்த் அல்ல. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஆம்ப் ஐ.சி.யே இயக்குகிறது, இரண்டிலுமே பேட்டரி வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி நின்றுகொண்டிருக்கும். அதைப் பாடியில் தொட்டாலோ இரண்டு ஸ்பீக்கரின் மைனஸை ஒன்றாகச் சேர்த்தாலோ ஐ.சி. போய்விடும், அல்லது செட் ‘புரொடெக்ட்’ காட்டி நின்றுவிடும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் வையுங்கள். அந்தக் காலச் செட்டுகளுக்கு ஒரே வயர் ஓட்டி, மறுமுனையைப் பாடியில் எர்த் செய்திருப்பார்கள். அங்கே பழைய வயரை நம்பாமல் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரண்டு வயர் இழுத்துவிடுவதே மேல்.

10. பின் ஸ்பீக்கர் இல்லாத வண்டியா? பச்சையும் ஊதாவும் மிஞ்சும். நான்கு முனைகளையும் தனித்தனியாக மூடிக் கட்டுங்கள். ஒன்றாகச் சேர்த்து ஒரே சுற்றில் டேப் அடிக்கக் கூடாது.

11. வயரின் மறுமுனையில் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று செட்டை மாட்டும் முன்பே தெரிந்துகொள்ளலாம். மீட்டரில் ஓம் பாருங்கள்: 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 3-க்கும் 4-க்கும் இடையில் காட்டும். பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட். எதுவுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. கதவுக்கும் தூணுக்கும் நடுவில் வயர் மடங்கும் ரப்பர் குழாயை முதலில் சந்தேகப்படுங்கள். பிளஸ், மைனஸ் தெரியாவிட்டால் சுவர்க் கடிகாரத்து 1.5 வோல்ட் செல் ஒன்றை வயரில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்ற சத்தத்தோடு கோன் வெளியே வந்தால் செல்லின் பிளஸ் பட்ட வயர்தான் ஸ்பீக்கரின் பிளஸ். உள்ளே போனால் தலைகீழ். இடது ஸ்பீக்கர் ஒரு மாதிரியும் வலது வேறு மாதிரியும் இருந்தால் பாட்டு கேட்கும், பேஸ் மட்டும் காணாமல் போகும். நல்ல ஸ்பீக்கரைக் குறை சொல்லி வேறு வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

12. நீல வயர் ஆன்டெனாவுக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது வெளி ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யும் ரிமோட் வயர். கூரையில் குட்டையான ஆன்டெனா உள்ள வண்டிகள் பலவற்றில் சிக்னலைப் பெருக்கும் சிறு பூஸ்டர் இருக்கும். அதற்கு நீல வயரின் 12 வோல்ட் போகாவிட்டால் எஃப்.எம். இரைச்சலாகத்தான் கேட்கும். எல்.இ.டி., ஃபேன் என்று எதையும் இந்த வயரில் தொங்கவிடாதீர்கள், அதற்குத் தாங்கும் சக்தி குறைவு.

13. ஒட்டுப் போடுவதில் இரண்டு வழிதான் எனக்குச் சம்மதம்: சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுவது, அல்லது சரியான அளவு கனெக்டர் வைத்து கிரிம்பிங் பிளையரால் அழுத்துவது. வெறும் இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலில் ஒரு கோடை தாண்டாது. மூடிய காருக்குள் டாஷ்போர்டு கொதிக்கும்போது பசை இளகி டேப் வழுக்கிக் கழன்றுவிடும், உள்ளே செம்பு வெறுமனே நிற்கும். கட்டிய கொத்தின் மேல் துணி டேப் சுற்றினால் குழியான ரோட்டில் கடகடவென்று சத்தமும் வராது.

14. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙீ...’ என்று சுருதி ஏறுகிறதா? அது ஆல்டர்னேட்டர் இரைச்சல். ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள். முதலில் எர்த்தைப் பாருங்கள். கறுப்பு வயருக்கு வளைய டெர்மினல் போட்டு, பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியும் இடத்தில் போல்ட் முடுக்க வேண்டும். டாஷ்போர்டுக்குள் கிடைத்த ஏதோ ஒரு ஸ்க்ரூவில் சொருகிவிட்டுப் போவதால்தான் பாதித் தொல்லை.

15. தனி ஆம்ப், சப்வூஃபர் போடுகிறவர்கள் மின்சாரத்தைச் செட்டின் மஞ்சளிலிருந்து எடுக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு ஓரடி ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ். என்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் கிராமெட் கட்டாயம். அந்தத் தகட்டின் விளிம்பு வயரின் தோலை அதிர்வில் மெல்ல மெல்ல அறுத்துவிடும். பவர் வயர் ஒரு பக்கம் போனால், செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிளை மறுபக்கம் ஓட்டுங்கள். செட் ஓடும்போது ஆர்.சி.ஏ.வைப் பிடுங்கிச் சொருகாதீர்கள். வயர் வாங்கும்போது முனையைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம், அதே தடிமனில் செம்பு அளவுக்குக் கரன்ட் தாங்காது.

16. பெட்டியில் ‘50 வாட் x 4’ என்று இருந்தால் அது நொடி நேர உச்சம். 10 ஆம்பியர் ஃப்யூஸ், 14 வோல்ட் என்று பெருக்கினாலே மொத்தம் 140 வாட்தான் உள்ளே வர முடியும். அதில் 200 எப்படி வெளியே போகும்? ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கிடைப்பது 20 வாட் அளவில். ஸ்பீக்கர் வாங்கும்போது ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

17. ரிவர்ஸ் கேமராவுக்குச் சப்ளை, ரிவர்ஸ் லைட்டின் பிளஸ் வயரிலிருந்து. செட்டில் ‘பேக்’ அல்லது ‘ரிவர்ஸ்’ என்று எழுதிய வயருக்கும் அதே 12 வோல்ட் போனால்தான் கியர் போட்டதும் திரை தானாக மாறும்.

18. ஹேண்ட்பிரேக் வயர் என்று இளம்பச்சையில் ஒன்று வரும். வண்டி ஓடும்போது வீடியோ ஓடாமல் தடுப்பது அதன் வேலை. கடையில் கேட்காமலே அதை எர்த் செய்து தடையை நீக்கிவிடுவார்கள். ஓட்டுகிறவர் கண் முன்னால் படம் ஓடக் கூடாது. முறைப்படி ஹேண்ட்பிரேக் ஸ்விட்சிலேயே இணைக்கச் சொல்லுங்கள்.

19. எல்லாவற்றையும் மூடித் திருகும் முன் சோதனை. செட்டை வெளியே தொங்கவிட்டபடியே பேட்டரியை மாட்டி, பேலன்ஸ், ஃபேடர் இரண்டையும் மூலைக்கு மூலை தள்ளி நான்கு ஸ்பீக்கரும் சொன்ன இடத்தில் ஒலிக்கின்றனவா என்று கேளுங்கள். ஹார்ன், இண்டிகேட்டர், ஏ.சி. ஃபேன், ஏர்பேக் விளக்கு எல்லாம் பழையபடி இருக்கின்றனவா? அடுத்து, வண்டி நிற்கும்போது பேட்டரியை எது குடிக்கிறது என்ற கணக்கு. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, அரை மணி நேரம் விட்டு, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி நெகட்டிவ் டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவில் இணையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதி. அரை ஆம்பியர் காட்டினால் நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர் போகிறது என்று அர்த்தம்; சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்றே நாளில் காலி. மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

20. ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு உறை போட்ட தடித்த கேபிள் உயர் மின்னழுத்தம் போகும் வழி, உயிருக்கு ஆபத்து. அதன் பக்கத்தில் கை வைக்க வேண்டிய வேலை என்றால் கம்பெனி ஆளிடம் விட்டுவிடுங்கள்.

21. கழற்றிய கம்பெனி செட், அதன் ஃப்ரேம், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பரணில் வையுங்கள். கப்ளர் போட்ட வண்டி என்றால், விற்கும் நாளில் பழையதைச் சொருகிவிட்டுப் புது செட்டை அடுத்த காருக்கு எடுத்துப் போகலாம். வயரை வெட்டிய வண்டி என்றால் செட்டை வாங்குகிறவருக்கே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.