பழுதாகும் வன்தட்டிலிருந்து தரவை மீட்டல்

ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டில், சுழலும் காந்தத் தகடுகளுக்குச் சில நானோமீட்டர் மேலே மிதந்தபடியே படிமுனை தரவைப் படிப்பதால், 'டக் டக்' என்ற ஒலி தொடர்ந்து எழுந்தால் அம்முனை பழுதடைந்து தகட்டைச் சுரண்டக்கூடும் எனக் கருதி மின்னிணைப்பை உடனே துண்டித்து, தரவு மீட்பு ஆய்வகத்தை நாட வேண்டும்.

ஒலி ஏதுமின்றிக் கோப்புகள் தாமதமாகத் திறப்பதும் பிழைச்செய்தி தோன்றுவதும் மட்டுமே அறிகுறிகளாயின், 'செக்டிஸ்க்' போன்ற பழுதுநீக்கும் கருவிகளை இயக்குவது பெருந்தவறாகும். அவை நலிந்த வட்டிலேயே எழுதி, எஞ்சிய தரவையும் குலைக்கக்கூடும். மாறாக, லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் 'டிடிரெஸ்க்யூ' மென்பொருளைக் கொண்டு, அதே கொள்ளளவோ கூடுதலோ உள்ள வேறொரு வட்டுக்கு முழுவதையும் படியெடுக்க வேண்டும். அது எளிதில் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் நகலெடுத்து, சிதைந்த செக்டார்களை, அதாவது தகட்டின் சிறு சேமிப்புக் கூறுகளை, பின்னர் மீண்டும் முயல்வதோடு, முடிந்தவற்றைத் தனிக் கோப்பில் குறித்தும் வைப்பதால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோப்புகளைத் தேடியெடுக்கும் பணி அந்தப் படியில்தான் நடைபெற வேண்டும். வன்தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் பழைய உத்தி ஈரம் படியச் செய்வதால் அறவே கைவிடத்தக்கது.

மூல வட்டும் சேரும் வட்டும் கட்டளையில் இடம்மாறினால் மீட்க வேண்டிய தரவே அழிந்துவிடுமாதலால், இயக்குமுன் இரண்டின் பெயரையும் மறுமுறை சரிபார்த்துக்கொள்க.