தேதியைப் பார்த்தது போதும், டியூபைப் பாருங்கள்

எங்கேயாவது ஒரு வீட்டில் கேஸ் விபத்து என்று செய்தி வந்தால் போதும், மறுநாள் காலை கொடுங்கையூரில் எல்லார் போனிலும் அந்தப் படம் வந்து நிற்கிறது. சிலிண்டரின் கழுத்துப் பட்டை, அதில் ஓர் எழுத்து, இரண்டு இலக்கம், சுற்றிலும் சிவப்பு வட்டம். எக்ஸ்பைரி ஆன சிலிண்டர்தான் வெடிக்கிறதாம், தேதி பார்த்து வாங்கினால் ஆபத்தே இல்லையாம், உடனே பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். அடுப்புப் பழுது பார்ப்பது என் தொழில். முத்தமிழ் நகரிலிருந்து மூலக்கடை வரை எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் இந்தப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். "டேட்டு பாத்துத்தாண்ணே வாங்குறோம், எங்க வீட்ல பயமே இல்ல." சொல்கிறவர் சாய்ந்து நிற்கும் மேடைக்குக் கீழே பார்த்தால், விறைத்து வெடிப்பு விட்ட டியூப் ரெகுலேட்டரில் மாட்டியிருக்கும்.

அந்த எழுத்து என்ன என்று ஒருமுறை தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அது சிலிண்டரின் ஆயுள் முடியும் நாள் இல்லை. அடுத்த சோதனைக்கு அதை அனுப்ப வேண்டிய காலாண்டு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. பக்கத்தில் இருப்பது வருடம். ஏ-27 என்று எழுதியிருந்தால் 2027 மார்ச் முடிவதற்குள் அதைச் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். புதுச் சிலிண்டருக்கு முதல் சோதனை பத்தாவது ஆண்டில், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. உள்ளே தண்ணீரை நிரப்பி, சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் கொடுத்துப் பார்க்கிறார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உள்ளே இருக்கும் கேஸ் தருகிற அழுத்தம் இதில் பாதிகூட இல்லை. 2027 ஏப்ரல் முதல் தேதி காலையில் அந்த இரும்பு திடீரென்று வெடிகுண்டாக மாறிவிடாது. தேதி தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அதைத் திருப்பி அனுப்பியதால் வீடு காப்பாற்றப்பட்டுவிட்டது என்று படுத்துத் தூங்காதீர்கள்.

'சிலிண்டர் வெடித்து வீடு தரைமட்டம்' என்று தலைப்பு போடுகிறார்கள். அந்தப் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சுவர் விழுந்திருக்கும், ஓடு பறந்திருக்கும், கதவு தெருவில் கிடக்கும். நடுவில் சிவப்புச் சிலிண்டர் முழுசாக நின்றுகொண்டிருக்கும். பல விபத்துகளில் வெடித்தது சிலிண்டர் இல்லை, அறைக்குள் சேர்ந்திருந்த கேஸ். அந்தக் கேஸ் வந்த வழி பெரும்பாலும் மூன்றுதான்: வெடிப்பு விட்ட டியூப், சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் கறுப்பு வாஷர், சரியாக மூடாத அடுப்புத் திருகு. மூன்றும் உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. வதந்தி செய்கிற பெரிய கெடுதல் இதுதான். உங்கள் கண்ணை டியூபிலிருந்து எடுத்துப் பெயின்டில் வைத்துவிடுகிறது.

எவ்வளவு கேஸ் கசிந்தால் ஆபத்து என்று கேட்பார்கள். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சமையல் கேஸ் கலந்தாலே தீப்பொறி பட்டதும் பற்றும். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்று வையுங்கள். அறை முழுக்க அந்த அளவை எட்ட ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ கேஸ் போதும். உங்கள் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அதுவும் முழு அறை நிரம்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம், தரையோடு பரவும். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீடுகள் நம் பகுதியில் எத்தனை! பாய் விரித்துப் படுத்திருக்கிறவர் தலை உயரத்தில்தான் அது முதலில் சேர்கிறது. அங்கேயே பிரிட்ஜ் ஓடுகிறது. விடியற்காலையில் எழுந்து லைட்டு சுவிட்சைத் தட்டுகிறோம்.

இதில் வடசென்னைக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடத்தை எந்தப் பாதுகாப்புத் துண்டறிக்கையும் எழுதுவதில்லை. கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அழுகிய முட்டைக்கோஸ் போல நாறும். மற்ற ஊர்க்காரர்கள் இந்த நாற்றம் வந்ததும் பதறி எழுவார்கள். நாமோ குப்பைக் கிடங்கை ஒருபக்கமும் கழிவுநீர்க் கால்வாயை ஒருபக்கமும் வைத்துக்கொண்டு, காற்று திரும்பினால் மணலி ஆலைகளின் வாடையையும் சேர்த்து மூச்சு விடுகிறோம். ராத்திரி நாற்றம் வந்தால் கொடுங்கையூர்க்காரர் கை தானாகச் செய்கிற வேலை ஜன்னலைச் சாத்துவது. வெளியிலிருந்து வந்த நாற்றம் என்றால் சரி. வீட்டுக்குள்ளேயே கசிந்த கேஸ் என்றால், அது வெளியேற இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டீர்கள். அதனால் எப்போது எந்த நாற்றம் வந்தாலும் முதல் வேலை ரெகுலேட்டர் நாபை மூடுவது. அப்புறம் குனிந்து மேடைக்கடியில் மோந்து பாருங்கள். கீழே நாற்றம் கூடுதலாக இருந்தால் அது உங்கள் வீட்டுக் கேஸ். ஜன்னல் கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல், குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே ராத்திரி பகல் பார்க்காமல் எடுக்கிற எண் அது. சுவிட்சைப் போடுவது மட்டும்தான் தப்பு, அணைக்கலாம் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. அணைத்தாலும் பொறி வரும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு இழுத்துவிடலாம் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள்.

தேதி பார்த்தே ஆக வேண்டும் என்றால் டியூபில் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபின் மேல் வருடம் அச்சிட்டிருக்கும். ஐந்து வருடம்தான் அதற்குக் கணக்கு, நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, நடுவில் ஒட்டுப் போடக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு படுகிறது என்று மேலே பிளாஸ்டிக் கவர் சுற்றக் கூடாது. கவர் சுற்றினால் வெடிப்பு தெரியாது, உள்ளே எலி கடித்திருந்தாலும் தெரியாது. இந்த டியூபின் விலையைச் சொன்னால் "அடுத்த மாசம் பாக்கலாம்ணே" என்கிறார்கள். ஒரு வேளைப் பிரியாணி விலைக்கு அடுத்த மாதம் வரை காத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சிலிண்டர் கொண்டுவருகிறவரை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். சீல் உடைத்ததும் வாயில் சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள், குமிழி வந்தால் கசிகிறது. எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுமே அவர் செய்ய வேண்டிய வேலைதான், நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை. நைலான் கயிற்றில் தொங்கும் அந்த மூடியை அறுத்துப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். கசிகிற சிலிண்டரின் வாயை அடைக்க வீட்டில் இருக்கிற ஒரே பொருள் அது.

சிலிண்டர் வெடிக்கவே வெடிக்காதா என்றால், வெடிக்கும். நம் ஊரே அதற்குச் சாட்சி. 2017 ஜூலை 15 சனிக்கிழமை இரவு மீனாம்பாள் நகர்ப் பக்கம், பூட்டியிருந்த பேக்கரிக் கடைக்குள் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்த சிலிண்டர் வெடித்தது. ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். நாற்பது பேருக்கு மேல் தீக்காயம். சிகிச்சையில் இருந்தவர்களில் சிலரும் பின்னர் இறந்துபோனார்கள். காயம்பட்டவர்களில் பலர் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தவர்கள். சுற்றிலும் தீ எரியும்போது உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, வெளியே இரும்பு இளகிக்கொண்டே வருகிறது. அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் சிலிண்டர் பிளக்கிறது. நேற்றுச் சோதனை முடிந்து வந்த சிலிண்டராக இருந்தாலும் அதே கதிதான். கழுத்தில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு அங்கே எந்த வேலையும் இல்லை.

ஆகவே இரண்டு நிலைமைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். டியூபிலோ ரெகுலேட்டர் வாயிலோ மட்டும் தீ எரிகிறது, நாபுக்குக் கை போகிறது என்றால், நனைத்த கோணிச் சாக்கையோ கெட்டிப் பருத்தித் துணியையோ கையில் சுற்றிக்கொண்டு நாபை மூடிவிடுங்கள். கேஸ் நின்றால் தீ தானாக நிற்கும். நாபை மூடாமல் தீயை மட்டும் அணைத்துவிட்டால் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும், அடுத்த பொறிக்கு மொத்தமாகப் பிடிக்கும். ஆனால் சிலிண்டரைச் சுற்றித் தீ சூழ்ந்துவிட்டதா, அறையே எரிகிறதா, அங்கே வீரம் வேண்டாம். நகை, பாஸ்புக், ஆதார் எதற்கும் திரும்பாமல் வெளியேறுங்கள், பக்கத்து வீட்டாரையும் எழுப்பிக்கொண்டு தெருமுனை தாண்டிப் போங்கள். இப்போது சுற்றிவரும் இன்னொரு வீடியோவில் ஒருவர் எரிகிற சிலிண்டரை விரலால் அடைத்து அணைத்துக் காட்டுகிறார். அது பயிற்சித் திடல், திறந்த வெளி, பக்கத்தில் ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். உங்கள் சமையலறை அப்படி இல்லை.

மழைக்காலத்துக்கு ஒன்று. நிரம்பிய சிலிண்டர் மிதக்காது, காலிச் சிலிண்டர்தான் மிதக்கும் என்று நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே 33 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் சிலிண்டர், கேஸோடு சேர்த்து முப்பது கிலோ பக்கம்தான் இருக்கும். நிரம்பியதும் மிதக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வந்ததுபோல வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், சிலிண்டர் எழும்பிக் கவிழ்ந்து டியூபைப் பிய்த்துக்கொண்டு போகும். தண்ணீர் வாசலுக்கு வந்ததுமே நாபை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நின்ற நிலையில் ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேஸ் தீரும்போது சிலிண்டரைச் சாய்த்துப் படுக்க வைக்கிறார்கள், வெந்நீர் ஊற்றுகிறார்கள். படுக்க வைத்தால் திரவம் அப்படியே ரெகுலேட்டருக்குள் போகும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்துத் தட்டைப் போட்டு மூடுங்கள். தீக்காயத்துக்குப் பேஸ்ட், இங்க், தோசை மாவு எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், பிறகு நேரே கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. ரப்பர் செருப்பு இருந்தால் மழைத்தண்ணீரில் ஷாக் அடிக்காது என்பதை எந்தத் தாயும் நம்பக் கூடாது. 2017 நவம்பர் 1 அன்று இதே கொடுங்கையூர் ஆர்.ஆர். நகரில் தெருவில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். மின்பெட்டி பக்கத்தில் தண்ணீர் நின்றால் அந்தத் தெரு வழியே பிள்ளைகளை அனுப்பாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்தபின், எந்தக் கேஸானாலும் ஈரத்துணியை மூக்கில் கட்டினால் போதும் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அமோனியா தண்ணீரில் கரையும், அதனால் ஈரத்துணி கொஞ்சம் தாங்கும். சமையல் கேஸ் கரையாது, அங்கே ஈரத்துணியால் ஒரு பயனும் இல்லை.

கடைசியாகக் கடைக்காரர்களுக்கு. இதை நான் வியாபாரிகள் கூடுகிற இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன், காதில் விழவில்லை, இங்கேயும் சொல்கிறேன். விதிப்படி நூறு கிலோ வரை கேஸ் வைத்துக்கொள்ளத் தனி உரிமம் தேவையில்லை. 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஐந்து வைத்தால் 95 கிலோ. அதாவது மேலே இரண்டு மாடியில் குடும்பங்கள் தூங்கும் கட்டடத்தின் கீழே, ஒரு டிபன் கடை கேஸ் சேமிப்புக்கென்று தனி உரிமம் எதுவும் இல்லாமல் ஐந்து சிலிண்டரை உள்ளே வைத்து ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போகலாம். எரியும்போது வருகிற தீயணைப்பு வீரருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் நடந்து பாருங்கள், எந்த ஷட்டரிலாவது அது எழுதியிருக்கிறதா? சட்டம் மாறட்டும், மாறும்வரை நீங்களே செய்யுங்கள். ஷட்டரின் வெளிப்புறத்தில், கண் மட்டத்தில், உள்ளே எத்தனை சிலிண்டர், எந்த மூலையில், சாவி யாரிடம், அவர் போன் எண் என்ன என்று பெயின்டால் எழுதுங்கள். மாடியில் குடியிருப்பவர்கள் வீட்டுக்காரரிடமும் கடைக்காரரிடமும் இதைக் கேட்டு வாங்குங்கள். கீழே புகை தெரிந்தால் 101-ஐயோ 112-ஐயோ கூப்பிட்டு, கடையின் பெயருக்கு முன்னால் உள்ளே சிலிண்டர் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.